‘ஷல்’ எண்ணிய கருவி

மென்பொருள் டெஸ்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு ரெக்வயர்மென்ட் ஆவணத்தில் ‘அடிக்வேட்’ என்று கண்ணில் பட்டாலே எரிச்சல் வரும். “திரை போதுமான வேகத்தில் திறக்க வேண்டும்” என்றால், எத்தனை நொடி என்று வைத்து டெஸ்ட் கேஸ் எழுதுவது? கேட்டால், “நீங்களே பார்த்துப் போடுங்கள்” என்பார்கள். போட்டு முடித்தபின், “இதையா கேட்டோம்?” என்பார்கள்.

இத்தகைய ஆவணங்களைக் கணினியையே படிக்க வைக்கும் முயற்சி பழையது. ஆங்கில விவரிப்பின் பெயர்ச்சொற்களிலிருந்து தரவு வகைகளையும் வினைச்சொற்களிலிருந்து செயல்பாடுகளையும் எடுத்து நிரலை வடிவமைக்கலாம் என்று 1983இல் ரஸ்ஸல் அபாட் எழுதினார். அதை இயந்திரமே செய்துவிடும் என்று பலரும் ஆசைப்பட்டார்கள். 1993இல் கெவின் ரயன் அந்த ஆசைக்கு அணை போட்டார்: துறைக்காரர்களுக்குள் சொல்லாமலே புரிந்துகொள்ளும் விஷயங்கள் ஆவணத்தில் இருப்பதே இல்லையே, இயந்திரம் எதைப் படிக்கும்?

எனக்குப் பிடித்தது அதன்பின் வந்த ஏ.ஆர்.எம். என்ற கருவி. மேரிலாந்தில் நாசாவின் காடர்ட் மையத்தில், 1990களின் நடுவில், வில்சன், ரோசன்பர்க், ஹயாட் மூவரும் உருவாக்கியது. அதற்கு இலக்கணம் தெரியாது, அர்த்தமும் தெரியாது. ஆவணத்தை வரிவரியாக மேய்ந்து சொற்களை எண்ணும், அவ்வளவுதான். கட்டாயம் சொல்லும் ‘ஷல்’, ‘மஸ்ட்’ ஒரு கணக்கு. ‘மே’, ‘ஆப்ஷனலி’ இன்னொரு கணக்கு. செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்று கட்டுபவருக்கு இடம் கொடுக்கும் சொற்கள் அவை. ‘அடிக்வேட்’, ‘அஸ் அப்ரோப்ரியேட்’ போன்றவை பலவீனச் சொற்கள். பின்னால் முடிவு செய்வோம் என்று விட்டுவைத்த ‘டிபிடி’களும் அதன் கண்ணுக்குத் தப்பாது. வரி சரியா தவறா என்று அது சொல்லாது. எங்கே மழுப்பியிருக்கிறார்கள் என்று காட்டும். என்னைக் கேட்டால், பாதி வேலை அதிலேயே முடிந்தது.

பிறகு இத்தாலியின் பீசாவில் குவார்ஸ் என்ற கருவி வந்தது. அடுத்து, வரிகளை வகை பிரிக்கக் கற்கும் நிரல்கள் வந்தன. இங்கேதான் வேடிக்கை. கற்க மாதிரி வரிகள் வேண்டும். நிறுவனங்களோ தம் ஆவணங்களை வெளியே கொடுப்பதில்லை. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் பாடத்துக்காக எழுதிய 15 திட்டங்களிலிருந்துதான் பிராமிஸ் என்ற தரவுத் தொகுப்பின் 625 வரிகள் வந்தன. 2020இல் பெர்ட் என்ற மொழி மாதிரியைப் பழக்கி உருவாக்கிய நோர்பெர்ட் வரை அதையே வைத்துச் சோதித்தார்கள். மாணவர் ஆவணத்தில் யாரும் யாருக்கும் பயந்து மழுப்புவதில்லை. அதனால், வங்கி ஆவணம் ஒன்று என் மேசைக்கு வந்தால், நான் முதலில் ஓட்டுவது காடர்ட்காரர்களின் அந்தச் சொற்பட்டியலைத்தான்.