கண்ணெதிரே இருக்கும் செட்டர்

1997-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாபீன்ஸ் விதிகளை வெளியிட்டபோது அவர்கள் மனதில் முதலில் இருந்தது திரை. பட்டனை மவுஸால் இழுத்துப் போடுவோம். ஓரத்துப் பட்டியலில் அதன் நிறத்தைப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் அங்கேயே மாற்றுவோம். அந்தப் பட்டியலை நிரப்பத்தான் கெட்டர், செட்டர் ஜோடி. கெட்டர் தருகிற டைப்பும் செட்டர் வாங்குகிற டைப்பும் ஒன்றாக இருக்கணும். காட்டுவதையேதானே திருத்தப் போகிறோம்! திரைக்கு இது நியாயமான விதி.

2004-ல் ஸ்பிரிங் 1.0 வந்தது. எக்ஸ்எம்எல்லில் எழுதிய மதிப்புகளை ஆப்ஜெக்டுக்குள் செலுத்த, ஜாவாவோடு இலவசமாக வந்த இன்ட்ரோஸ்பெக்டரையே எடுத்துக்கொண்டார்கள். கையில் இருந்த கருவி, தப்பில்லை. ஆனால் சர்வரில் மதிப்பு ஒரே திசையில்தான் போகிறது. உள்ளே போனதை யாரும் பட்டியலில் பார்க்கப் போவதில்லை. இருந்தும் கெட்டருக்கு ஒரு ஓட்டு கிடைத்துவிட்டது.

காலாவதித் தேதி என்று ஒரு பிராப்பர்ட்டி. செட்டர் ஸ்ட்ரிங் வாங்குகிறது, உள்ளே பிரித்து டேட்டாக மாற்றிக்கொள்கிறது. கெட்டர் டேட் தருகிறது. கம்பைலர் முணுமுணுக்காது. இன்ட்ரோஸ்பெக்டரோ கெட்டரின் டைப்பை உண்மை என்று எடுத்துக்கொண்டு, பொருந்தாத செட்டரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிராப்பர்ட்டியில் எழுத முடியாது என்று எக்ஸெப்ஷன் வரும். ‘அட, செட்டர் இங்கதானே இருக்கு!’ என்று நாம் திரையைத் தட்டிக்கொண்டிருப்போம். செட்டர் டைப்பும் கெட்டர் டைப்பும் பொருந்துகிறதா என்று ஸ்பிரிங் அதே செய்தியில் கேட்கவும் செய்கிறது. அந்த அளவுக்கு இரக்கமுள்ள எர்ரர் மெசேஜ் அபூர்வம். என்ன, யாரும் கடைசி வரி வரை படிப்பதில்லை.

கெட்டரின் பெயரை மாற்றினால் சிக்கல் தீரும். ஆனால் அது ஒளித்துவைப்பது. செட்டரையும் டேட் வாங்க வைத்து, ஸ்ட்ரிங்கை டேட்டாக மாற்றும் வேலையை பிராப்பர்ட்டி எடிட்டரிடம் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதுவும் அதே 1997 விதிப் புத்தகத்துச் சரக்குதான். நோயும் மருந்தும் ஒரே கடையில்.

செட்டர் திருப்பித் தருவது வாய்டாக இருக்கணும் என்ற இன்னொரு பழைய கட்டாயத்தை 2011-ல் 3.1 தளர்த்தியது. இதற்கிடையே 2007-ல் கூகிளின் கைஸ் வெளியானது. அது கெட்டரைத் தேடவே இல்லை. இன்ஜெக்ட் என்று குறியிட்ட இடத்தில் செலுத்தியது. கன்ஸ்ட்ரக்டருக்கு ஜோடி ஏது? 2016-ல் ஸ்பிரிங் 4.3, ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் குறிகூட வேண்டாம் என்றது.

2022-ல் வந்த 6.0, இயல்பாக இன்ட்ரோஸ்பெக்டரைக் கூப்பிடுவதையே நிறுத்தியது. திரை வரைய வந்தவர் சர்வரில் பதினெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார்.