வீட்டு மின்மானியின் வரலாறு

வீடுகளிலும் கடைகளிலும் செலவாகும் மின்னாற்றலை அளக்கும் கருவி மின்மானி. பேச்சு வழக்கில் இதை மீட்டர் என்பர். அரிசியைப் படியால் அளக்கும்போது வாங்குபவரும் விற்பவரும் அளவை நேரில் பார்க்கிறார்கள். மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயன்படுத்திய பிறகுதான் கணக்கு வருகிறது. ஆகவே மின்மானி தோன்றிய காலம் முதலே இரண்டு கேள்விகள் அதனுடன் சேர்ந்து வந்தன. அளவு சரியானதா? அந்த அளவை வாங்குபவரும் பார்த்து அறிய முடியுமா?

விளக்குக் கணக்கு

தொடக்கத்தில் மின்சாரம் விளக்கெரிக்க மட்டுமே பயன்பட்டது. எத்தனை விளக்குகள், எத்தனை மணி நேரம் எரிந்தன என்று தெரிந்தால் போதுமானதாக இருந்தது. 1872இல் அமெரிக்கரான சாமுவேல் கார்டினர் இதற்கான கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது மின்காந்தம் பொருத்திய ஒரு கடிகாரம். மின்னோட்டம் பாயும் நேரத்தை மட்டும் அது காட்டியது. பாய்ந்த மின்சாரத்தின் அளவைக் காட்டவில்லை.

எடிசனின் துத்தநாகத் தகடுகள்

தாமஸ் ஆல்வா எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களுக்கு முதல் சில மாதங்கள் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அதன் பின் எடிசனின் வேதியியல் மின்மானி பயன்பாட்டுக்கு வந்தது.

அது துத்தநாக சல்பேட்டுக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. அதனுள் இரண்டு துத்தநாகத் தகடுகள் இருந்தன. வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் மிகச் சிறிய பகுதி குடுவை வழியே பாயும். அப்போது ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொன்றில் படியும். மாதந்தோறும் பணியாளர் தகடுகளை எடுத்துச் சென்று, கழுவி உலர்த்தி, நுண்தராசில் நிறுப்பார். எடை மாற்றத்திலிருந்து கட்டணம் கணக்கிடப்படும். குளிர்காலத்தில் கரைசல் உறையாமல் இருக்க, பெட்டிக்குள் தானாக எரியும் ஒரு விளக்கும் இருந்தது.

முறை அறிவியல்படி சரியானது. ஆனால் வாடிக்கையாளரால் அதைப் பார்த்து எதையும் அறிய முடியாது. தராசு நிறுவனத்தின் கையில் இருந்தது. எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் இது பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. வங்கியாளர் ஜே. பி. மார்கன் மின்மானிக் கணக்கில் ஐயம் கொண்டார். அவருடைய அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்கின் அருகிலும் ஓர் அட்டை வைத்து, எரிந்த நேரம் குறிக்கப்பட்டது. மாத முடிவில் அட்டைக் கணக்கைவிட மின்மானிக் கணக்கு கூடுதலாக இருந்தது. விசாரித்தபோது, அலுவலகம் மூடிய பிறகு துப்புரவுப் பணியாளர் விளக்குகளை எரித்து வேலை செய்தது தெரியவந்தது. அந்த நேரம் அட்டையில் ஏறவில்லை. மின்மானியைச் சோதிக்கக் கருவிவாரியாகக் கணக்கெடுக்கும் வழக்கம் இவ்வாறு தொடக்க காலத்திலேயே காணப்படுகிறது.

ஊசலும் சுழல் தட்டும்

ஜெர்மனியில் ஹெர்மன் ஆரோன் 1880களில் இரண்டு ஊசல்கள் கொண்ட மின்மானியை உருவாக்கினார். மின்சாரம் பாயாதபோது இரண்டும் ஒரே வேகத்தில் ஆடும். பாயும்போது ஒன்றின் வேகம் மாறும். இந்த வேறுபாட்டைப் பல்சக்கரங்கள் முகப்பில் எண்ணாகக் காட்டின.

மாறுமின்னோட்டம் பரவியபோது எடிசனின் குடுவை பயன்படவில்லை. திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தில் துத்தநாகம் ஒரே பக்கமாகப் படியாது. 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் ஆலிவர் ஷாலன்பெர்கர், வில்விளக்கு ஒன்றைச் சோதிக்கும்போது அதனுள் விழுந்த சிறு சுருள்வில் தானே சுழல்வதைக் கண்டார். மாறும் காந்தப்புலமே காரணம் என உணர்ந்து, சில வாரங்களில் சுழலும் மின்மானியைச் செய்தார். ஆனால் அது மின்னோட்டத்தை மட்டுமே அளந்தது. மின்னழுத்தம் கணக்கில் சேரவில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் புடாபெஸ்ட்டின் கான்ஸ் ஆலைப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி. 1889இல் அவருடைய மின்மானி வெளிவந்தது. அதில் ஒரு சுருள் மின்னழுத்தத்துக்கும் மற்றொன்று மின்னோட்டத்துக்கும் ஏற்பக் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள உலோகத் தட்டு சுழலும். ஒரு நிலைக்காந்தம் அதன் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும். ஆகவே தட்டின் வேகம் அந்த நொடியில் செலவாகும் மின்திறனுக்கும், மொத்தச் சுற்றுகள் மின்னாற்றலுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். இதே அடிப்படையில் அமைந்த மின்மானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் ஓடின.

யூனிட் என்ற சொல்

ஒரு கிலோவாட் திறனில் ஒரு மணி நேரம் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட் மணி. பிரிட்டனில் இது வர்த்தக வாரிய யூனிட் எனப்பட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மின்கட்டணம் இன்றும் யூனிட் கணக்கில் பேசப்படுவது அந்த வழக்கின் தொடர்ச்சியே.

கருவிகளை அளத்தல்

சுழல் தட்டு மின்மானியின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 600 என்று கொள்வோம். மற்றவற்றை அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டால், அது சூடேறும்போது தட்டு நிமிடத்துக்கு 10 முறை சுற்ற வேண்டும். மின்மானி சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்க இது உதவியது.

2006இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளுக்குப் பின், இந்தியாவில் புதிய இணைப்புகளுக்கு மின்னணு மின்மானிகளே பொருத்தப்படுகின்றன. இவற்றில் சுழலும் பாகம் இல்லை; சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டும். யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று குறித்திருந்தால், நிமிடத்துக்கு 16 சிமிட்டல் என்பது 300 வாட் பயன்பாடு. புதிய மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகார் பல ஊர்களில் எழுந்தது. பழைய மின்மானிகளில் உராய்வால் தட்டு மெதுவாகச் சுற்றியதும், மிகச் சிறிய பயன்பாட்டை அவை பதிவு செய்யாததும் இதற்கு ஒரு காரணம். ரிமோட்டில் மட்டும் அணைத்த தொலைக்காட்சி இழுக்கும் மின்சாரத்தை மின்னணு மின்மானி பெரும்பாலும் தவறவிடுவதில்லை.

குளிர்பதனப் பெட்டியை இப்படிச் சில நிமிடங்களில் அளக்க முடியாது. அதன் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் குறைந்தது ஒரு நாள் முழுவதும் அளக்க வேண்டும். பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் சிறு அளவுகருவிகள் இதற்குப் பயன்படுகின்றன. ஆற்றல் திறன் செயலகம் 2006இல் தொடங்கிய நட்சத்திர முத்திரைத் திட்டத்தில், குளிர்பதனப் பெட்டியின் முத்திரையில் ஆண்டு மின்செலவு யூனிட்டில் அச்சிடப்படுகிறது. அது ஆய்வகச் சூழலில் அளந்த எண்; வீட்டின் வெப்பம், கதவைத் திறக்கும் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து உண்மைச் செலவு மாறும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் முறை நிலவி வந்தது. 2016 மே மாதத்தில் அந்தக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. யூனிட் கூடும்போது கட்டணப் படியும் ஏறுவதால், எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று முன்பே அறிவது குடும்பத்தின் செலவைத் தீர்மானிக்கிறது. திறன் மின்மானிகள் குறுகிய இடைவெளியில் அளவைப் பதிந்து நேரடியாக மின்நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. கணக்கெடுக்க ஆள் வர வேண்டியதில்லை. அதே விவரம் வீட்டாருக்கும் உடனுக்குடன் கிடைத்தால்தான், எடிசன் காலத்தில் எழுந்த இரண்டாவது கேள்விக்கு முழு விடை கிடைக்கும்.