நீரில் கரையாத பிசின்: உடுவிலும் கஞ்சா மருந்தின் வரலாறும்

கஞ்சாச் செடியின் பிசினைப் பிரித்தெடுக்கும் முறைகளைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் இமயமலைச் சாரலையும் மத்திய ஆசியாவையும் சுற்றியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தெற்கே, குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த நிலத்தில், அதே பிசினை வைத்தியர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமே இருந்ததில்லை. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த உடுவில் இக்கேள்வியை ஆராயப் பொருத்தமான ஊர். பரராசசேகரம் முதலான யாழ்ப்பாண வைத்திய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த ஐ. பொன்னையாபிள்ளையின் ஏழாலையும், அமெரிக்க மிஷனின் மருத்துவக் கல்வி தமிழில் நடந்த மானிப்பாயும், பெண்களுக்கென மிஷன் மருத்துவமனை எழுந்த இணுவிலும் அவ்வூரிலிருந்து நடந்தே சென்றுவரக்கூடிய தொலைவில் உள்ளன.

கஞ்சாச் செடியின் ஆற்றல் இலையின் சதையில் இல்லை. பெண் செடியின் பூக்கதிரிலும் அதை அடுத்த சிற்றிலைகளிலும் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் நுண்ணிய சுரப்பிமயிர்கள் உள்ளன. காம்பின் மேல் உருண்டைத் தலையாக நிற்கும் இச்சுரப்பிகளுக்குள்தான் பிசின் நிறைந்திருக்கிறது. இப்பிசின் நெய்யிலும் சாராயத்திலும் எளிதாகக் கரையும், நீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. குளிர்ந்தால் சுரப்பித்தலை விறைத்து உடையும், வெப்பத்தில் இளகிக் கையோடு ஒட்டும். ஒவ்வொரு நாட்டிலும் பிசினைக் கையாள எழுந்த முறை இந்தச் சில இயல்புகளோடு அந்நாட்டுத் தட்பவெப்பம் கூடிய விதத்தைப் பொறுத்தே அமைந்தது.

வடக்கின் கதை நன்கு அறியப்பட்டது. சீனத் துருக்கிஸ்தானத்தின் யார்க்கண்ட் பகுதியில், வறண்ட குளிர்காலத்தில் காய்ந்த கதிரை நொறுக்கிச் சலித்து எடுத்த பிசின்தூள், சரஸ் என்ற பெயரோடு தோற்பைகளில் அடைக்கப்பட்டு, காரகோரக் கணவாய்களைக் கடந்து லே வழியாகப் பஞ்சாபின் ஹோஷியார்பூர்ச் சந்தையை அடைந்தது. 1934இல் சின்கியாங் ஆட்சி தடைவிதிக்கும்வரை இவ்வாணிகம் நீடித்தது. குமாவுன், நேபாளப் பகுதிகளில் பச்சைக் கதிரைக் கையால் தேய்த்து உள்ளங்கையில் படிந்த பிசினைச் சுரண்டி எடுத்தனர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1839ஆம் ஆண்டளவில் இம்மருந்தை ஆராய்ந்த வில்லியம் ஓஷாக்னசி, மத்திய இந்தியாவில் தோலாடை அணிந்தவர்கள் செடிகளுக்கிடையே உராய்ந்து ஓடி, ஆடையில் ஒட்டிய பிசினைப் பின்னர் வழித்தெடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

தெற்கில் இவை வேரூன்றவில்லை. 1690இல் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் தாவர நூலின் பத்தாம் தொகுதியில் வான் ரீட் கஞ்சாவை இரு வகையாகப் படத்தோடு விளக்கியிருப்பதால், மலையாளக் கரையில் செடி நன்கு அறியப்பட்டிருந்தது உறுதி. ஈழத்தைப் பற்றிய சான்று அதைவிட நெருக்கமானது. கண்டி அரசில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், வடபகுதிக் காடுகளில் திரிந்தபோது தேங்கிய மழைநீரைக் குடித்துக் காய்ச்சலில் விழுந்து, பின்னர் ஊரார் காட்டிய கஞ்சா இலையைக் காலையும் மாலையும் வெல்லத்தோடு உண்டு அத்தீங்கிலிருந்து காத்துக்கொண்டதாக 1681இல் அச்சான தம் நூலில் கூறுகிறார். 1679இல் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் அவர் தப்பி வந்து சேர்ந்த இடம் மன்னார்க் கரையில் ஒல்லாந்தரிடமிருந்த அரிப்புக் கோட்டை. பத்தாண்டு கழித்து, 1689 டிசம்பரில், லண்டன் றோயல் சொசைட்டியில் அறிவியலாளர் றொபேட் ஹூக் இச்செடியைப் பற்றி உரையாற்றியதும் நொக்ஸின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டே. நொக்ஸ் கண்டது சரஸ் அன்று, வெல்லத்தோடு சேர்த்து உண்ணும் இலை. தென்னாட்டு வழக்கின் போக்கு அதிலேயே தெரிகிறது.

அவ்வழக்கின் நுட்பம் வைத்தியரின் சுத்திமுறையில் வெளிப்படுகிறது. சுத்தி என்பது மூலப்பொருளின் வேண்டாத குணத்தை நீக்கி மருந்துக்குத் தகுதியாக்கும் செயல். சித்த, ஆயுர்வேத மரபுகளில் கஞ்சா இலையைத் துணியில் முடிந்து நீரில் இட்டு அலசுவார்கள். பச்சைச் சாயம் இறங்கி நீர் கலங்கும்போதெல்லாம் அதைக் கொட்டிப் புதுநீர் விட்டு, கடைசியில் நீர் தெளிவாகவே நிற்கும்வரை தொடர்வார்கள். பின்னர் இலையை உலர்த்தி நெய்யில் இளவறுப்பாக வறுப்பார்கள். தன்னில் கரையக்கூடிய கசப்பையும் சாயத்தையும் நீர் கொண்டுபோகிறது, பிசினோ இலையிலேயே தங்கி, அடுத்துவரும் நெய்யில் இறங்குகிறது. சுரப்பிமயிரை உருப்பெருக்கியில் கண்டிராத வைத்திய மரபு, பிசின் எதில் கரையும், எதில் கரையாது என்பதைக் கைப்பழக்கத்தாலேயே பிழையின்றி அறிந்திருந்தது என்பது வியந்து போற்றத்தக்கது. மதனகாமேசுவர லேகியம், பூரணாதி லேகியம் போன்ற மருந்துகளில் கஞ்சா இடம்பெற்றது இவ்வடிப்படையில்தான். பிசினைத் தனியே திரட்டும் தேவையே அங்கு எழவில்லை, நெய்யே அதன் கொள்கலமாக இருந்தது.

மேலை மருத்துவம் இப்பகுதிக்கு வந்தது மிஷன் வழியாக. உடுவிலுக்கு 1820இல் அமெரிக்க மிஷனரிமாரான மைரன் வின்சுலோவும் ஹரியற் வின்சுலோவும் வந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் நிலைகொண்ட மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததோடு பாடநூல்களையும் தமிழாக்கினார். திருவிதாங்கூர் அரச மருத்துவராக இருந்த வேரிங் 1868இல் தொகுத்த இந்திய மருந்துநூல் கஞ்சாவை ஏற்கப்பட்ட மருந்தாகச் சேர்த்து, சாராயத்தில் இறக்கிய சத்தாகவும் கரைசலாகவும் அதை விதித்தது. ஆகவே வைத்தியர் நெய்யில் பெற்றதை ஆங்கில மருத்துவர் சாராயத்தில் பெற்றார். பிசின் ஒன்றே, ஏந்திய பொருள் மட்டுமே வேறு. இணுவில் மருத்துவமனை 1898இல் திறந்தபோது இவ்விரு மருத்துவங்களும் ஒரே மக்களிடையே அருகருகே வழங்கின.

ஆட்சியின் பார்வை இதற்கிடையே மாறிவந்தது. இலங்கையில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் அபினையும் பங்க் எனப்பட்ட கஞ்சா இலையையும் உரிமம் பெற்றவர் மட்டுமே விற்கலாம் என்றது. இந்தியாவில் 1893-94இல் மக்வர்த் யங் தலைமையில் விசாரித்த கஞ்சா ஆணைக்குழு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டபின், முழுத்தடை தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. அளவறிந்த அந்த முடிவை இலங்கை பின்பற்றவில்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான மருந்துகள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் கடுமையாக விலக்கியது. பரராசசேகரம் பகுதி பகுதியாக அச்சேறியதும் அதே காலத்தில்தான். யாழ்ப்பாண வைத்தியம் பலர் கைக்குப் போய்ச்சேர்ந்த அந்த ஆண்டுகளிலேயே அதன் மூலிகைகளுள் ஒன்று வைத்தியர் வளவிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

பனிக்கட்டி இவ்வரலாற்றுள் மிகப் பிந்தியே நுழைந்தது. உடுவில் மிஷனரிமாரை அனுப்பிய சபையின் தலைமையிடமான பொஸ்டனிலிருந்தே 1833இல் கல்கத்தாவுக்கு முதல் பனிக்கட்டிக் கப்பல் வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. வெள்ளையர் மேசைக்கு வந்த அந்த ஆடம்பரப் பொருளை மருந்துப் பட்டறையில் எவரும் எண்ணியிருக்க முடியாது. குளிர்சாதனப்பெட்டி வீடுதோறும் வந்தபின், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பனிநீர் முறை பரவியது. பூவைச் சீர்செய்யும்போது கத்தரித்து ஒதுக்கும் சிற்றிலைகளைப் பனிநீரில் கலக்கினால், விறைத்த சுரப்பித்தலைகள் உடைந்து கீழே படிய, இலை மேலே நிற்கும். யார்க்கண்டின் குளிர்காலத்தை ஒரு வாளிக்குள் வரவழைத்த முறை இது எனலாம். யாழ்ப்பாண வைத்தியரின் அலசலும் இதுவும் பிசின் நீரில் கரையாது என்ற ஒரே இயல்பையே நம்பியவை. ஆயினும் முன்னது பிசினை மற்ற மருந்துச் சரக்குகளோடு இணைத்து அளவுக்குள் வைத்தது, பின்னது அதைத் தனியே பிரித்துச் செறிவாக்கியது.

அச்செறிவையே சட்டமும் கூர்ந்து நோக்கியது. 1961ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையும் இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் பூக்கதிர் சேராத இலையைக் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே வைத்தபோதும், பிரித்தெடுத்த பிசினை எவ்வடிவிலும் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வைத்தன. இலங்கையில் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் மருந்துக்கான கஞ்சா அரசின் வழியாகவே வரவேண்டும். நீதிமன்றங்களில் பறிமுதலான சரக்கே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குச் சென்றுவந்தது. அச்சரக்கு கைக்கு வரும்போது நான்கைந்து ஆண்டுகள் கழிந்து வீரியம் இழந்துவிடுகிறது என்று 2017இல் சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன கூறி, மருந்துக்கென இங்கிரியவில் அரசு மேற்பார்வையில் பயிரிடும் திட்டத்தை அறிவித்தார்.