லைட்டரில் பொறித்த பெயர்

பயன் தீர்ந்த பொருள்களைச் சேர்த்து வைப்பது வீண் வேலை என்று கருதுவோர் உண்டு. ஆயினும் ஒரு காலத்தின் தொழில்திறனையும் வாணிபப் போக்கையும் அறிவதற்கு அன்றாடப் பொருள்களே சில வேளைகளில் நல்ல சான்றாகின்றன. சட்டைப் பையில் அடங்கும் சிகரெட் லைட்டர் அத்தகைய ஒன்று.

தீக்குச்சிக்குப் பின்னரே லைட்டர் தோன்றியது என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் விற்கத் தொடங்கியது 1827-இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, ஜெர்மனியின் யேனா நகரில் ரசாயனப் பேராசிரியர் டோபரைனர், ஹைட்ரஜன் வாயுவைப் பிளாட்டினத்தின் மீது செலுத்தித் தீ உண்டாக்கும் விளக்கை அமைத்துவிட்டார். ஆனால் அது மேஜை மீது வைக்க வேண்டிய கருவி. 1903-இல் ஆஸ்திரிய விஞ்ஞானி அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், சீரியத்தையும் இரும்பையும் கலந்து, உரசினால் பொறி சிதறும் உலோகம் ஒன்றைப் படைத்தார். லைட்டரில் 'கல்' என்று நாம் மாற்றுவது இதனையே. அதன் பின்னரே லைட்டர் பைக்குள் குடிபுகுந்தது.

ஆரம்ப காலத்தில் லைட்டரின் மீது செய்தவன் பெயரே இருந்தது. 1932-இல் அமெரிக்காவின் பிராட்ஃபோர்டு நகரில் பிளேஸ்டெல் தொடங்கிய ஜிப்போ நிறுவனம், காற்றில் அணையாத லைட்டரின் அடியில் தன் முத்திரையைப் பதித்தது. பிரான்சின் எஸ்.டி. துபோன் தோல்பைகள் செய்து வந்த நிறுவனம். 1941-இல் பட்டியாலா மகாராஜா நூறு அலங்காரக் கைப்பைகள் கேட்டதாகவும், ஒவ்வொன்றினுள்ளும் வைப்பதற்கென முதன்முதலாக லைட்டர் செய்ததாகவும் அந்நிறுவனம் தன் வரலாற்றைக் கூறுகிறது. நம் நாட்டு அரசர் ஒருவரின் விருப்பம் பிரெஞ்சுத் தொழில் ஒன்றுக்குப் புதுவழி திறந்தது விந்தையன்றோ!

1960-களில் நிலைமை மாறியது. பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டின் தம் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்கு அளிக்கலானார். லைட்டர், பேனா, துவாலை, பீங்கான் தட்டு, நாற்காலி என வீட்டின் எல்லா மூலைகளிலும் அப்பெயர் பரவியது. 2020-இல் அவர் காலமாவதற்குள் இத்தகைய உரிமங்கள் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தன. லைட்டரைச் செய்தவை ஜப்பான் முதலிய நாடுகளின் தொழிற்சாலைகள். மேலே மின்னியது ஆடைக் கலைஞரின் பெயர்.

இவ்வாணிபத்துக்கு ஒரு துயரமான பக்கமும் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் 1973-இல் தம் தொழிலைப் பெயருடன் சேர்த்து ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார். 1984-இல் அவர் வெளியேற நேர்ந்தபோது, தம் சொந்தப் பெயரில் ஓர் ஆடையைக்கூட விற்கும் உரிமை அவருக்கு இல்லை. அதனை மீளப் பெற முயன்றும் பலிக்காமல், 1990-இல் மறைந்தார். பெயர் சந்தையில் நிற்க, பெயருக்குரியவர் வெளியே நின்றார்.

மும்பையின் சோர் பஜார் போன்ற பழம்பொருள் அங்காடிகளில் நம்மவர் இத்தகைய லைட்டரைக் காண நேரிடலாம். அப்போது முகப்பிலுள்ள பெயரோடு நின்றுவிடலாகாது. அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். செய்த நாடு, காப்புரிமை எண், தொழிற்சாலைக் குறி ஆகியவை அங்கேதான் இருக்கும். மூடியின் கீல் ஆடாமல் பொருந்துகிறதா, முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளை தெரிகிறதா என்பனவும் காண வேண்டியவை. எண்ணெயோ வாயுவோ எஞ்சியிருப்பின் அதனை அகற்றிய பின்னரே அலமாரியில் வைத்தல் நன்று.

புகைப்பிடித்தலின் தீமையை உலகம் உணர்ந்துவிட்டது. லைட்டரின் பழைய பெருமை இனித் திரும்பாது. திரும்ப வேண்டுவதும் இல்லை. ஆயினும் முகப்பில் புகழ்பெற்ற ஒருவரின் பெயரையும், அடியில் பெயரறியாத் தொழிலாளரின் கைத்திறனையும் தாங்கி நிற்கும் இச்சிறு பொருள் ஓர் உண்மையை நமக்கு உணர்த்துகிறது. பெயரை விற்கலாம், வாங்கலாம். கைத்திறனோ செய்த பொருளிலேயே தங்கிவிடுகிறது.