தோலை ஏற்றுமதி செய்த ஊரில் ஒரு தையல் மிஷின்

புதுப்பேட்டைக் காயலான் கடையிலோ, தேனாம்பேட்டைப் பக்கம் இழுத்து மூடிய செருப்புக் கடையின் பரணிலோ, துருவேறி அசையாமல் நிற்கும் சிங்கர் தோல் தையல் மிஷின் இன்னும் எப்போதாவது விலைக்கு வருகிறது. வாங்குகிறவர் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பொறுமையாக ஆட்டி ஆட்டி, கடைசியில் அதை ஓடவைத்துவிடுகிறார். எழுபது எண்பது வயதான மிஷின் மறுபடி தைப்பதைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அந்தக் காலத்து இரும்பு. அதில் பாதிகூட உண்மையில்லை என்பது என் கட்சி. இந்த மிஷின்கள் சென்னையில் தாக்குப்பிடித்ததற்கு ஸ்காட்லாந்தில் வார்த்த இரும்பைவிட, மதராஸின் தோல் வணிகம் போன போக்கே பெரிய காரணம். தோலைப் பதப்படுத்திக் கப்பலேற்றிய ஊர், அதைத் தைக்கும் வேலையைச் சில்லறை வேலையாகவே விட்டுவைத்தது. அந்தச் சில்லறை வேலைக்கென்றே பிறந்தது போல ஒரு மிஷின் அமைந்தது.

முதலில் மிஷினைப் பார்ப்போம். சிங்கர் 29கே என்ற வகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புழக்கத்தில் இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் 29கே51, 29கே71 என்று எண்கள் மாறினவே தவிர, அடிப்படை அமைப்பு மாறவில்லை. சட்டை தைக்கும் மிஷினில் துணியை அடியிலிருக்கும் பற்கள் தள்ளும். இதில் அடியில் பல்லே கிடையாது. மேலே இருக்கும் பாதம்தான் தோலைக் கவ்வி நகர்த்துகிறது. அந்தப் பாதம் முழுவட்டமாகத் திரும்பும் என்பதால், தோலைத் திருப்பாமலேயே எந்தத் திசையிலும் தைத்துக்கொண்டு போகலாம். கீழே நீளும் ஒல்லியான கரத்தின் நுனியில் ஷட்டில் இருக்கிறது. செய்து முடித்த செருப்புக்குள்ளும் ஷூவின் முனைவரைக்கும் அது நுழையும். அந்த ஒல்லிக் கரத்துக்குக் கொடுத்த விலை, பாபின் பொடிசாகிப்போனது. கொஞ்சம் தைப்பதற்குள் அடிநூல் தீர்ந்துவிடும், நாள் முழுக்க வரிசையாகப் புது ஷூ தைக்கிற தொழிற்சாலைக்கு அது தொந்தரவு. பிய்ந்ததை ஒவ்வொன்றாக ஒட்டுப்போடும் கடைக்கு அது ஒரு குறையே இல்லை. கையால் சுற்றலாம், காலால் மிதிக்கலாம், கரண்ட் வேண்டாம். ஆக, பிறப்பிலேயே இது ரிப்பேர் மிஷின்.

இனி ஊரைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த டி சூசா என்ற யூரேசியர் உள்ளூர்ப் பதமுறையைச் செம்மைப்படுத்திய பிறகு, ஆவாரம்பட்டையில் பதப்பட்ட மதராஸ் தோல் லண்டன் சந்தையில் பெயர்பெற்றது. பெரியமேட்டு வணிகர்கள் அனுப்பியது அரைப்பதமான தோல். அதை மெருகேற்றுவதும் வெட்டுவதும் தைப்பதும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் நடந்தன. இதை மாற்ற முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மதராஸ் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரெட் சாட்டர்டன் 1903-ல் குரோம் பதமுறையைச் சோதித்துப் பார்த்தார். முதலில் அவர் குறிவைத்தது ஷூவைக்கூட அல்ல, கவலையில் கிணற்றுநீர் இறைக்கும் தோல் வாளியை. தண்ணீரில் ஊறினாலும் குரோம் தோல் சீக்கிரம் நைந்துபோகாது என்பதுதான் கணக்கு. அரசே தொழில் நடத்துவது லண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லிக்குப் பிடிக்கவில்லை, அந்தத் தொழிற்கூடம் ரீவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது. பிறகு சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனி பல்லாவரம் பக்கம் வேரூன்றி, குரோம்பேட்டைக்குப் பெயரையும் கொடுத்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக அரசே மதராஸின் அரைப்பதத் தோலை வாங்கிக் குவித்தது. போரிலும் தோல்தான் இங்கிருந்து போனது, பூட்ஸ் அங்கேதான் தைக்கப்பட்டது. இங்கேயே பதப்படுத்துவதை ஊக்குவிக்க 1919-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தபோதுகூட, பேரரசுக்குள் போகும் தோலுக்குப் பெரும் தள்ளுபடி இருந்தது. 1923-ல் வரியே 5 சதவீதமாக இறங்கிவிட்டது. பதப்படுத்தவே அவ்வளவு இழுபறி என்றால், தையலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழும். மதராஸில் தோல் தைக்கவே இல்லை என்பது எப்படிச் சரியாகும்? மவுண்ட் ரோடு நெடுக வண்டி கட்டும் கம்பெனிகள் இருந்தனவே. தேனாம்பேட்டை வரை பரந்திருந்த அன்றைய சௌல்ட்ரி ப்ளெயின் தோட்ட பங்களாக்களின் பூமி. பங்களா என்றால் குதிரை வண்டி, குதிரை என்றால் சேணம், கடிவாளம், வார். 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டித்தான் வளர்ந்தது, 1903-ல் ஒரு நீராவிக் காரையே இங்கே கட்டி ஓட்டியது. இவ்வளவு தோல் வேலை இருந்தது உண்மை. ஆனால் சேண வேலையின் தோல் தடிமனானது. குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலை இரண்டு ஊசியில் கோத்து, இரு பக்கமிருந்தும் இழுத்துத் தைக்கிற வேலை அது. 29கே அந்தத் தடிமனை ஏறாது, மேல்தோலோடு அதன் சக்தி சரி. குதிரை போய்க் கார் வந்ததும் அந்தக் கைத்தையலுக்கும் கிராக்கி குறைந்தது, சீட் வேலையில் பெரும்பகுதியை ரெக்ஸின் எடுத்துக்கொண்டது. ஆகவே 29கே போன்ற ஒட்டுப்போடும் ‘பேட்சர்’ மிஷின் நிலைத்தது பங்களாக்காரர்களின் லாயத்தில் அல்ல. அளவெடுத்து ஷூ தைத்துக் கொடுத்த சின்னக் கடைகளிலும் ரிப்பேர்க் கடைகளிலும்தான். நடைபாதையில் குத்தூசியோடு உட்கார்ந்திருந்தவருக்கு மிஷின் எட்டாத பொருளாகவே இருந்தது. தோலைத் தொட்டதற்காகவே ஒதுக்கப்பட்ட சாதிகளிடம் அந்த வேலை இருந்ததையும், மிஷினுக்குப் போடும் முதல் அவர்களிடம் இல்லாததையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

தவணை முறை இருந்ததே என்பார்கள். 1850களிலேயே அமெரிக்காவில் தவணை விற்பனையைத் தொடங்கிய சிங்கர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சி முகவர் மூலம் இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் அதைக் கொண்டுவந்தது. தையற்காரர்களிடம் அது எடுபட்டதில் சந்தேகமில்லை. மாதாமாதம் உறுதியான வரும்படி உள்ளவனுக்குத்தான் தவணை பொருந்தும், மழை பெய்தால் கடை போட முடியாதவனுக்கு அல்ல. அதே கம்பெனி ஆரம்ப காலத்தில் பழைய மிஷின்களை விலை கொடுத்து வாங்கி உடைத்துப் போட்டதையும் மறக்கக் கூடாது. செகண்ட் ஹேண்ட் சந்தை உருவாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். தன் மிஷின் தலைமுறை தாண்டி உழைக்க வேண்டும் என்று தயாரித்தவர்கள் தவமிருந்ததாக நாம் பாடுகிற பாட்டு அங்கேயே அடிபடுகிறது.

இரும்பின் பெருமைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1885 முதல் ஓடிய சிங்கர் தொழிற்சாலை, 1913-ல் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்களை வெளியே அனுப்பியது. எல்லா வகையும் சேர்ந்த கணக்கு அது. அவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன? ஓடுகிற ஒன்றைப் பார்த்து வியக்கிறோம், உருக்கு உலைக்குப் போன ஆயிரம் நம் கண்ணில் படுவதில்லை. நல்ல வார்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை இருக்கும் மிஷினுக்கு எண்ணெய் விழும், வேலை இல்லாத மிஷின் எடைக்குப் போகும். மதராஸில் வேலை இருந்தது, அதோடு வேறு வழியும் இல்லை. 1957-ஐ ஒட்டி வந்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டு மிஷின் இறக்குமதி லைசென்ஸ் கட்டுக்குள் போய்விட்டது. உள்நாட்டில் உஷா கம்பெனியும் லூதியானா பட்டறைகளும் முக்கியமாகத் தயாரித்தவை வீட்டு மிஷினும் டெய்லர் மிஷினும். ஷூக் கடைக்காரர் கையிலிருந்த பழைய சிங்கரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர என்ன செய்வார்? உடைந்த வார்ப்பைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார், தேய்ந்த பாகத்தை லேத்தில் கடைந்துகொண்டார். காயலான் கடைக்கு வரும் மிஷினில் இந்த ஒட்டு வேலையின் தழும்புகளைக் காணலாம்.

ஜாம் ஆன மிஷினைச் சரிசெய்வதே இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி. ஜாம் ஆவதற்குப் பெரும்பாலும் துருவைவிட எண்ணெய்தான் காரணம். மிஷின் எண்ணெய் தீர்ந்தபோது கைக்குக் கிடைத்த தேங்காயெண்ணெயை விட்டிருப்பார்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, ஊசிக் கம்பியையும் மெயின் ஷாஃப்ட்டையும் பிடித்துக்கொள்ளும். கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, லேசாகச் சூடுகாட்டி, சக்கரத்தை முன்னும் பின்னும் நூலளவு அசைத்தால் ஒருநாள் விட்டுக்கொடுக்கும். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கெட்டது. கரத்துக்குள் ஓடும் பல் கம்பியிலோ ஷட்டிலைத் திருப்பும் சின்னப் பற்சக்கரத்திலோ பல் உதிரலாம். தின்னரையும் ஸ்பிரிட்டையும் தொட்டுவிடாமல் இருந்தால் தங்கநிறப் பூவேலையும் தப்பும். ஆனால் பிசின் போன பிறகுதான் உண்மை வெளியே வரும். நிறைய உழைத்த 29கே-யில் பாதத்தை நகர்த்தும் லீவர்கள் தேய்ந்து, தையலின் நீளம் குறுகிவிடும். எவ்வளவு திருகினாலும் பெரிய தையல் விழாது. போன உலோகத்தை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. அதனால்தான் கடகடவென்று லேசாக ஓடும் மிஷினைவிட, நடு வயதிலேயே வேலை நின்று இறுகிப்போன மிஷின் பல நேரம் நல்ல சரக்கு. ஆங்கில எழுத்தோடு தொடங்கும் வரிசை எண், அது எந்த ஆண்டுக்காக ஒதுக்கிய தொகுப்பு என்பதைச் சொல்லும். அந்த லீவர்களின் தேய்மானம் அது எவ்வளவு காலம் தைத்தது என்பதைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அந்தக் கடைக்கு எப்போது வேலை நின்றது என்பதற்கான குத்துமதிப்புக் கணக்கு.

வேலை ஏன் நின்றது? தையல் தொழில் ஒருவழியாக ஊருக்கு வந்ததும் ஒரு காரணம் என்பதுதான் விசித்திரம். 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, 1973-லிருந்து அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, சென்னைப் புறநகர் எங்கும் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கூடங்கள் எழுந்தன, ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். அந்தக் கூடங்களுக்கு வேகமாக ஓடும் மோட்டார் மிஷின்கள் தேவைப்பட்டன, பொடி பாபினுடைய சிங்கரல்ல. இன்னொரு பக்கம், அச்சில் வார்த்த அடிப்பாகமும் பசையும் வந்து, பிய்ந்தால் தைப்பதற்குப் பதில் தூக்கிப் போடும் செருப்பு மலிந்தது. ரிப்பேர் மிஷினுக்கு இரண்டு பக்கமும் அடி.

சீனாவிலிருந்து வரும் கைசுழற்றும் பேட்சர் புதிதாகவே மலிவாகக் கிடைக்கும்போது பழையதோடு மல்லுக்கட்டுவானேன் என்ற கேள்வி நியாயமானது. தைத்துச் சம்பாதிக்கத் தொடங்குகிறவருக்குப் புதியதே மேல் என்றுகூடச் சொல்லலாம், பிசிறைக் கொஞ்சம் அரம்போட்டுத் தேய்த்துக்கொண்டால் போதும். ஆனால் திரும்பும் பாதமும் ஒல்லிக் கரமும் அதிலும் அப்படியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கர் கிளைட்பேங்க் தொழிற்சாலையை 1980-ல் மூடியது, அமைப்பு மூடப்படவில்லை, ஏனென்றால் பிய்ந்ததைத் தைக்கும் தேவை மூடப்படவில்லை. இன்று சென்னையில் அந்தத் தேவை செருப்பைவிடப் பையில்தான் அதிகம்: பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை, டிராலியின் ஜிப், உணவு கொண்டுபோகும் டெலிவரிப் பையின் வார். இவற்றின் மூலைகளில் தட்டையான டெய்லர் மிஷின் நுழையாது. அந்த மூலைவரைக்கும் போகிற கரம் பழைய சிங்கரிலும் இருக்கிறது, லீவர் தேயாமல் இருந்தால்.