சீதன உறுதியும் நாற்சார் வீடும்

ஒல்லாந்தர் ஆட்சியின்போது, 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, தமிழகத்திலிருந்து வந்த குடிகள் இன்னின்ன ஊர்களிற் குடியமர்த்தப்பட்டனர் என நிரல்படக் கூறும். திருநெல்வேலியிற் குடியேறிய பாண்டிமழவன் போன்ற குடித்தலைவர் பெயர்களே அங்கு முதன்மை பெறுகின்றன. ஆயின், வேளாண் குடும்பமொன்றின் வீட்டு வரலாற்றை அறிய விழைவோர் பெண்வழியையே தொடர்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து வசதிபடைத்த கமக்காரரின் இல்லம் நாற்சார் வீடாகும். நடுவே வானம் பார்த்த முற்றம். அதன் நாற்புறமும் விறாந்தையும் அறைகளும். சுண்ணக்கல் சுவராயிற்று, பனை, கூரைக்கு மரமும் ஓலையும் தந்தது. ஓடு பின்னர் வந்தது. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் வளவுக் கிணறும் துலாவுமே புகையிலைத் தோட்டத்தை வாழ்வித்தன.

இவ்வீடு எவ்வாறு கைமாறியது? 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். மகளின் திருமணத்தின்போது வீடும் வளவும் அவள் பெயருக்குச் சீதனமாக எழுதப்படுதல் பெருவழக்கு. மருமகன் அங்கு வந்து வாழ்வான். மகனோ தன் மனைவியின் சீதன வீட்டிற்குச் செல்வான். எனவே தலைமுறைதோறும் வீட்டுத் தலைவனின் முதலெழுத்து மாறும். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்.

இதனாற் பெண் முழு உரிமை பெற்றாள் எனக் கருதுதல் தவறு. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உறுதியில் அவள் பெயர். ஒப்புதல் அவன் கையில். மகளிர் பலராயின் வளவு துண்டுபட்டது. கிணறும் வழியும் வாய்க்காலும் பங்குகளாயின. 16 பரப்பு ஓர் ஏக்கராகக் கொள்ளப்படும் இந்நாட்டில், ஒரு சில பரப்பு நிலமே பலருக்குச் சீதனமாயிற்று.

1990இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினரும் இடம்பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்தபின் கட்டங் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, பலர் கண்டவை இடிந்த சுவர்களும் தூர்ந்த கிணறுகளுமே. வீடு அழிந்தவிடத்து, அதன் எல்லையையும் உரிமையையும் எடுத்துரைப்பது உறுதியே. வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என அது கூறும்; தாய் யார், மகள் யார் என்பதையும் அதுவே கூறும். குடியேற்ற வரலாற்றை ஆராய்வோர் வைபவமாலையோடு பெட்டகங்களிலுள்ள சீதன உறுதிகளையும் கற்பாராயின், அந்நிரலில் இடம்பெறாத மகளிர் வரலாறு புலப்படும்.