பச்சையை அழித்த கதை
உடலில் குத்திய பச்சையை அழிக்கும் முயற்சி லேசருக்கு வெகுகாலம் முந்தியது. கிரேக்க மருத்துவர் ஏட்டியஸ் 6ஆம் நூற்றாண்டிலேயே முறை எழுதிவைத்தார்: பிசின் பூசிக் கட்டி, சில நாள் கழித்து ஊசியால் குத்தி, கசியும் ரத்தத்தைத் துடைத்து உப்பு அப்புவது. தழும்பு நிச்சயம். அடிமை என்று முகத்தில் குத்தப்பட்டவருக்கு அந்தத் தழும்பே விடுதலையாக இருந்திருக்கும்.

1960இல் தியோடர் மைமன் ரூபி லேசரை உருவாக்கினார். சில ஆண்டுகளில் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைப் பச்சையின் மீது சோதித்தார். 1983இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் தந்த விளக்கமே திருப்புமுனை. மைத்துகள் உறிஞ்சும் அலைநீளத்தில், நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே ஒளி பாய்ந்தால், சுற்றியுள்ள தோல் வேகாது, துகள் சிதறும். அந்த இடம் சட்டென வெளுத்துத் தடிக்கும். உடைந்த மையை உடலின் பாதுகாப்பு அணுக்கள் வாரக்கணக்கில் மெல்ல அகற்றும். கறுப்பு எளிதில் மங்கும். மஞ்சள் லேசில் போகாது.